கொக்கியில் தொங்கிய உறைகள்

என் தங்கையை ஏற்றிக்கொண்டு போகும் விமானத்தை நானேதான் வழியனுப்பி வைப்பேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் எனக்கு அதுதான் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. பினாங்குத் தீவையும் அக்கரையையும் சேர்க்கும் பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. இப்போது பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு சிறிய விமானக் கம்பெனியில் நான் தரையில் கிளார்க், தங்கை ஆகாயத்தில் பணிப்பெண். பயணிகளை ஏற்றிவிட்டு, எத்தனை பேர், எவ்வளவு மூட்டை என்று எழுதிய தாளைக் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு இறங்குவேன். கதவு மூடியதும் கைரேடியோவில் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். அதோடு விமானம் என் பொறுப்பில் இல்லை என்பது கம்பெனி விதி.

அம்மா போட்ட விதி வேறு. அப்பா போன மறு வருடம் தங்கைக்கு இந்த வேலை கிடைத்தது. அம்மா நாள்கணக்கில் அழுதார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "கீழ நீ இருக்கேன்னுதான் அவள மேல அனுப்புறேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். அந்த ஒரு வார்த்தையை என் தலையில் கட்டிய பிறகு அம்மாவுக்கு நிம்மதி. நிம்மதி போனது எனக்குத்தான்.

எனக்கு வாய் நீளம் என்பதை மறைத்துப் பயனில்லை. தப்பைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு போகிற பழக்கம் என்னிடம் கிடையாது. கம்பெனியில் எனக்கு 'ரேடியோ அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கைரேடியோவை வாயிலிருந்து இறக்குவதே இல்லையாம். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. தங்கைதான் வீட்டில் வந்து சொன்னாள், சிரித்துக்கொண்டே. அப்போது அவளுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் விமானங்கள் இறக்கைக்கு ஒரு விசிறி வீதம் வைத்த சின்ன விமானங்கள். மேடான், கோத்தா பாரு, லங்காவி என்று சுற்றி வரும். அவற்றில் ஒன்று மட்டும் இரவில் பினாங்கில் தங்கி, காலையில் முதலாவதாகப் புறப்படும். தங்கை பெரும்பாலும் அதில்தான் போவாள். என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, தொப்பியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வருவாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்கள் எங்களை முந்திக்கொண்டு போகும். சன்னலோரப் பெண்கள் அவளுடைய சீருடையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு அது பிடிக்கும்.

ஒரு நாள் காலை தாளைக் கொடுக்க விமானி அறைக்குள் நின்றிருந்தேன். கேப்டன் ஈப்போக்காரச் சீனர், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. துணை விமானி நம்ம பிள்ளை, சுங்கை பட்டாணிக்காரர், ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார், நான் தம்பி என்று கூப்பிடுவேன். புறப்படும் முன் கேப்டன் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், தம்பி கையிலிருக்கும் அட்டையைப் பார்த்து, அந்தந்தப் பொருளையும் பார்த்து, பிறகு பதில் சொல்ல வேண்டும். தம்பியின் அட்டை அன்று மடியில் கிடந்தது. அதன்மேல் பாதி கடித்த கரிப்பாப் பலகாரம் இருந்தது. கூட்ட நாளில் அர்ச்சனை செய்யும் குருக்களைப்போல, கேள்வி முடியும் முன்பே பதில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

"கதவுகள்?" என்றார் கேப்டன், ஆங்கிலத்தில்.

"மூடியாச்சு" என்றார் தம்பி.

என் முதுகுக்குப் பின்னால் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதன் வழியே வந்த காற்றில் என் கையிலிருந்த தாள் படபடத்தது.

"கதவு மூடியாச்சுன்னா நான் யாரு தம்பி, பேயா?" என்று கேட்டேன்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். கேப்டனும் லேசாகச் சிரித்தார். கதவோரம் நின்ற தங்கையும் சிரித்தாள். யாரும் அட்டையை எடுத்து முதலிலிருந்து மறுபடி படிக்கவில்லை.

எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு வரவில்லை. திறந்த கதவை மூடிய கதவாகச் சொல்லக் கூடியவர் வேறு எதையெல்லாம் அப்படிச் சொல்வார் என்று மோட்டாரில் வீடு திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். யோசிக்க ஆரம்பித்த பிறகு எங்கே பார்த்தாலும் அதுவே கண்ணில் பட்டது. எரிபொருள் மூடியைத் திருகாமல் விட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் போடும் கட்டையை எடுக்காமலே விசிறியைச் சுழற்றிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். ஒன்றும் ஆகாமல் போன ஒவ்வொரு நாளும் அவர்களுக்குத் தைரியத்தைக் கொடுத்தது, எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

பிறகு படிக்கட்டு விவகாரம் நடந்தது. விமானத்துக்குப் படிக்கட்டைத் தள்ளிக்கொண்டு வருவதும் இழுத்துப் போவதும் டிராக்டர் ஓட்டும் அண்ணனின் வேலை. நல்ல மனுசர், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல எப்போதும் ஓட்டம். கதவு மூடிய பிறகுதான் படிக்கட்டை இழுக்க வேண்டும். அன்று எல்லோரும் ஏறியாயிற்று என்று அவராகவே முடிவு செய்து இழுத்துவிட்டார். உள்ளே தங்கை, யாரோ ஒரு பயணி கீழே விட்டுவிட்ட பையை வாங்குவதற்காக, என்னைப் பார்த்துக் கையாட்டியபடி வெளியே கால் வைத்தாள். அவள் பார்வை என்மேல் இருந்தது. கீழே படி இல்லை.

நான் போட்ட சத்தத்தில் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு செருப்பு மட்டும் சிமெண்டுத் தரையில் வந்து விழுந்தது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு டிராக்டர் அண்ணனிடம் போனேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. கேட்டவர்கள் வெகு நாள் சொல்லிக் காட்டினார்கள்.

"விழுகல தானே லா, விடு தங்கச்சி" என்றார் அவர்.

"விழுந்த பிறகு உங்க கிட்ட வந்து பேசவா அண்ணே?" என்றேன்.

அதற்குப் பிறகு கைரேடியோவில் நான் சொல்ல வேண்டியதோடு நிறுத்திக்கொள்வதில்லை. படிக்கட்டு எடுத்தாச்சா, மூடி திருகியாச்சா, அட்டையைப் படித்தீர்களா என்று விமானம் நகரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். எல்லாம் என் வேலையில் சேராதவை. நிலைய அதிகாரி ஒரு முறை கூப்பிட்டுக் கண்டித்தார். விமானி அறையில் கம்பெனிக்கென்று தனி ரேடியோ உண்டு, அதில் என் குரல் வந்தாலே தம்பி கண்ணை உருட்டுவாராம். "உங்க அக்கா வீட்லயும் இப்டித்தானா?" என்று தங்கையைக் கேட்பாராம். தங்கைக்கு அந்தத் தம்பிமேல் ஒரு இது இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் சிரித்தால் அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து என்மேல் பாய்ந்தாள்.

"என் மானத்த வாங்காத அக்கா. ஊர்ல யாருக்குமே அக்கா இல்லையா?"

"மானம் போனா திரும்ப வரும்" என்றேன் நான்.

அந்த உறைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விமானத்தின் மூக்குப் பக்கத்தில் இடமும் வலமுமாக விரல் பருமனுள்ள இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று அதற்குள் புகுந்தால்தான், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று உள்ளே முள் காட்டும். அது அடைபட்டால் விமானிக்குத் தன் வேகம் தெரியாது. இந்த ஊர்க் குளவிக்கு அந்தக் குழாய் யாரோ கட்டிக் கொடுத்த வீடு மாதிரி, விமானம் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். அதனால் நிற்கும் விமானத்தின் குழாய்களுக்குத் தடித்த துணியில் உறை மாட்டுவார்கள். கழற்ற மறந்துவிடக் கூடாது என்று உறையில் நீளமாகச் சிவப்பு ரிப்பன் தொங்கும். எங்கள் ரிப்பன்கள் வெயிலில் சாயம் போய், பாதி கிழிந்து, அழுக்குத் துணி மாதிரி ஆகியிருந்தன. புதிது வாங்கச் சொல்லி நான் கேட்காத ஆள் இல்லை.

கழற்றிய உறைகளை மாட்டுவதற்கென்று கருவி அறையின் வாசலில் இரண்டு கொக்கிகள் அடித்திருந்தார்கள். மெக்கானிக் அண்ணன் செய்த ஏற்பாடு அது. அவர் அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரிப் படகில் வருவார். கொக்கி காலியாக இருந்தால் உறைகள் விமானத்தில் இருக்கின்றன, கொக்கி நிறைந்திருந்தால் கழற்றியாயிற்று. நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு விபரீதம் இருந்தது. துணை விமானி புறப்படும் முன் விமானத்தைச் சுற்றி நடந்து, குழாயைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கொக்கி வந்த பிறகு, மழை நாளில் வாசலில் நின்றபடியே கொக்கியைப் பார்த்தால் போதும் என்று ஆயிற்று. பிறகு வெயில் நாளிலும் அப்படியே ஆயிற்று. எல்லோரும் கொக்கியைத்தான் பார்த்தார்கள். விமானத்தை யாரும் பார்க்கவில்லை.

ஆயுத பூசை எங்கள் கருவி அறையில் தடபுடலாக நடக்கும். தரையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஆட்கள். டிராக்டருக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். மேசைமேல் வெள்ளை வேட்டி விரித்து, ஸ்பேனர், சுத்தியல், டார்ச்லைட், காது மூடி, ஒன்று விடாமல் அடுக்கிச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைப்பார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் சுண்டலுக்கு வந்து நிற்பார்கள். பூசையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டும்வரை யாரும் தொடக்கூடாது. விமானம் அதற்காக நிற்குமா? அதனால் வேலைக்குத் தேவையானதை வெளியே வைத்துக்கொண்டு, அதே வகையில் பழசு ஒன்றைப் பூசையில் வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் ஓரம் பிய்ந்து ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டு பழைய உறைகளும் மேசைமேல் ஏறின. உறைக்கொரு பொட்டு வைத்தார்கள். சாயந்திரம் நல்ல உறைகளை விமானத்துக்கு மாட்டினார்கள். கொக்கிகள் இரண்டும் காலி.

மறுநாள் விஜயதசமி. விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் மழைக்குப் பினாங்கில் நேரம் காலம் கிடையாது. நானும் தங்கையும் ஒரே மழைக்கோட்டுக்குள் ஒண்டிக்கொண்டு மோட்டாரில் போனோம். அம்மா வைத்துவிட்ட மல்லிகை அவள் தலையில் நனைந்து, அந்த வாசனை என் கழுத்துப் பக்கம் வந்துகொண்டே இருந்தது.

"இன்னிக்காவது ரேடியோவுல வாய மூடிக்கிட்டு இருக்கியா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

மழையில் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

அன்று காலை நடந்ததைப் பிறகு ஆளாளுக்குச் சொன்னதை வைத்துத்தான் வரிசைப்படுத்த முடிந்தது. மழையால் ஃபெரி தாமதம், மெக்கானிக் அண்ணன் வந்து சேரவில்லை. டிராக்டர் அண்ணன்தான் கற்பூரம் காட்டிப் பூசையைக் கலைத்தார். அவருக்கு எதிலும் அவசரம்தானே. ஒவ்வொரு சாமானையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். உறை இருக்க வேண்டிய இடம் கொக்கி. கொக்கி காலியாக இருந்தது. பழைய உறைகள் இரண்டையும் அங்கே மாட்டிவிட்டுப் படிக்கட்டைத் தள்ளப் போய்விட்டார். மெக்கானிக் அண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து ஓடி வந்தார். கொக்கி நிறைந்திருந்ததைப் பார்த்தார். யாரோ நமக்கு முன்னால் கழற்றிவிட்டார்கள், புண்ணியமாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு எரிபொருள் பக்கம் போனார். தம்பி அட்டையைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று கொக்கியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், படியேறி உள்ளே போனார்.

நான் பயணிகளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மலாய்ப் பெண், பெட்டியை விடமாட்டேன் என்று சண்டை போட்ட ஒரு வியாபாரி, இப்படி ஒவ்வொருவராக ஏற்றி முடித்தேன். தங்கை கதவருகே நின்று எல்லோருக்கும் துண்டு நீட்டினாள். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவு மூடியது, படிக்கட்டு விலகியது. ரேடியோவில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"தம்பி, மழையில விமானத்தச் சுத்தி வந்தீங்களா, இல்ல ஓடிப்போயி ஏறிட்டீங்களா?"

"வந்தாச்சு அக்கா, வந்தாச்சு" என்று பதில் வந்தது. பின்னணியில் சிரிப்புச் சத்தம். அதில் ஒரு சிரிப்பு தங்கையுடையது.

விசிறிகள் சுழன்றன. விமானம் மெல்ல நகர்ந்தது. நான் குடைகளை அள்ளிக்கொண்டு கருவி அறைப் பக்கம் திரும்பினேன். வாசலில் கொக்கிக்குக் கீழே வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு வழிந்து இறங்கியிருந்தது. முதலில் எனக்கு ரத்தம் என்றுதான் பட்டது. கிட்டே போனேன். கொக்கியில் தொங்கிய உறையில் குங்குமம். சாரல் பட்டுக் கரைந்து சுவரில் ஒழுகியிருந்தது.

நேற்று மேசைமேல் பார்த்த பொட்டு அது. விமானத்துக்கு மாட்டிய உறையில் பொட்டு கிடையாது. இவை இங்கே இருந்தால் அவை எங்கே?

குடைகள் என் கையிலிருந்து விழுந்தன. திரும்பிப் பார்த்தேன். விமானம் ஓடுபாதைக்குப் போகும் வழியில் பக்கவாட்டில் தெரிந்தது. அதுவரை மழையில் நனைந்து விமானத்தின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்த சாயம் போன ரிப்பன், இப்போது காற்றில் பிய்த்துக்கொண்டு மூக்கின் கீழே துடித்தது.

ரேடியோவை அழுத்தினேன். "நிறுத்துங்க. உறை மாட்டியிருக்கு. ரெண்டு குழாய்லயும் உறை மாட்டியிருக்கு. தம்பி, நிறுத்துங்க." பொத்தானை விட்டேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். கெஞ்சினேன், கத்தினேன், தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ரேடியோ செத்த சாமானாகக் கையில் இருந்தது. அதில் கோளாறு இல்லை, பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் சத்தம் கேட்டு வெளியே வந்த மெக்கானிக் அண்ணன் கொக்கியைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். "முருகா" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு மழைக்குள் ஓடினார். விமானி அறையிலிருந்து பார்த்தால் பின்னால் ஓடுகிறவர் தெரியமாட்டார். அது அவருக்கும் தெரியும்.

நான் அலுவலகத் தொலைபேசிக்கு ஓடினேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவரிடம் நான் சொல்லி முடிக்கும் முன்பே வெளியே இயந்திரச் சத்தம் உயர்ந்துவிட்டது. புறப்படும்போது எழும் அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி பழகிப்போனது. அன்று அதற்கு மேலாகத் தொலைபேசியில் கத்தினேன். அம்மா இந்நேரம் விளக்கேற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். ஏன் அந்த நேரத்தில் அதை நினைத்தேன் என்று தெரியவில்லை.

சன்னல் வழியே பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு விமானம் ஓடியது. வழக்கமாக மூக்கைத் தூக்கும் இடத்தைத் தாண்டியது. மூக்கு எழவில்லை. இன்னும் ஓடியது. அந்தப் பக்கத்து முனைக்கு அப்பால் புல், புல்லுக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் கடல். திடீரென்று சத்தம் மாறியது. விமானம் நடுக்கம் கண்டதுபோல இடமும் வலமும் ஆடியது, ஓடுபாதையை விட்டு இறங்கியது, சேற்றை வீசியடித்துக்கொண்டு மழைத்திரைக்குள் போய் மறைந்தது. தொலைபேசியில் கோபுரத்துக்காரர் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. காரணம் கேட்டால் வெட்கமில்லாமல் சொல்வேன், என்னால் முடியவில்லை. போய்ப் பார்க்காதவரை அவள் உயிரோடு இருப்பாள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. தீயணைப்பு வண்டி என்னைக் கடந்து போனது. கருவி அறை வாசலில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை கொஞ்சம் விட்டது. வேலிக்கு முன்னால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது தெரிந்தது. புகை இல்லை. கதவு திறந்திருந்தது. அதில் எங்கள் கம்பெனியின் மஞ்சள் சீருடை ஒன்று குனிந்து, குழந்தையைக் கீழே நிற்பவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தது. அது என் தங்கை. அப்போதுதான் அழுதேன். அழுகை என்று சொல்வதைவிட ஊளை என்று சொல்லலாம்.

யாரும் சாகவில்லை. கேப்டனுக்குத் தோளில் அடி, வியாபாரிக்குக் கால் முறிவு, தங்கைக்கு உள்ளங்கையில் ஆழமான வெட்டு. முள் அசையவே இல்லை என்பதைக் கேப்டன் பார்த்தார், தம்பியைக் கேட்டார், தம்பி தன் பக்கத்து முள்ளைப் பார்த்தார், அதுவும் அசையவில்லை. அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலேயே ஓடுபாதையில் பாதி போய்விட்டது, அதன் பிறகுதான் கேப்டன் பிரேக் போட்டிருக்கிறார். குழாய்க்குள் சூடேற்றும் கம்பி இருப்பதால் உறைகள் கருகி அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. மெக்கானிக் அண்ணன் அவற்றை விரலால் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

விசாரணைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொக்கியில் இருந்தது ஐயா, என்று தம்பி சொன்னார். கொக்கியில் இருந்தது, என்று மெக்கானிக் அண்ணனும் சொன்னார். அதன் இடத்தில்தான் வைத்தேன், என்று டிராக்டர் அண்ணன் சொன்னார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, எனக்கு ஆத்திரமே அதுதான். பொய் சொல்லியிருந்தால் ஒருவரையாவது பிடித்துத் திட்டியிருப்பேன். கொக்கிகளைப் பிடுங்கிவிட்டார்கள். சுவரில் இரண்டு ஓட்டைகள் மட்டும் வெகு நாள் இருந்தன.

தம்பியின்மேல்தான் எனக்கு வேறொரு கோபமும் இருந்தது. என் குரலைக் கேட்கக் கூடாது என்று ரேடியோச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்துவிட்டது. நான்தான் குறைத்தேன், என்று தம்பி ஒப்புக்கொண்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பேஷ், வேண்டியதுதான் என்று வீட்டில் உரக்கச் சொன்னேன். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கையில் கட்டுப் போட்டிருந்த நாட்களில் அவளுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். ஒரு நாள் என்னிடம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள், திரும்பாமலே பேசினாள்.

"அக்கா, அவரா குறைக்கல. நான்தான் குறைக்கச் சொன்னேன்."

என் கை நின்றது.

"பயணிங்கல்லாம் உக்காந்தாச்சுன்னு சொல்ல உள்ள போனேன். நீ சுத்தி வந்தீங்களான்னு கேட்டே. அவரு என்னப் பாத்துச் சிரிச்சாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. அக்காவ கொஞ்சம் குறைச்சு வைங்கன்னு சொன்னேன். அவரு என்னக் காட்டிக் குடுக்கல." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "என் சீட்டுக்குத் திரும்பிப் போறப்போ ரேடியோவுல சின்னதா ஏதோ சத்தம் வந்துச்சு. நீதான்னு தெரியும். மறுபடி ஆரம்பிச்சிட்டான்னு நெனச்சு சிரிச்சேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் பின்னலை இழுத்து முடிந்தேன். வலித்திருக்கும். அவளை அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ரிப்பனைக் கட்டினேன். நான் திட்டித் திட்டி என் குரலையே ஒன்றுக்கும் உதவாததாக ஆக்கிவிட்டேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் இன்றும் சம்மதமில்லை. நான் கேட்ட கேள்வி எதுவும் தப்பில்லை. ஆனால் உயிர் போகிற சமயத்தில் நான் கூப்பிட்டதும், என்றும் போல நான் பிடுங்குவதும் என் தங்கையின் காதுக்கு ஒரே மாதிரி கேட்டிருக்கிறது.

கை ஆறியதும் அவள் மறுபடி பறக்கப் போனாள். அம்மா தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. முதல் நாள் காலை நல்ல வெயில். விமானத்தைச் சுற்றி நானே நடந்தேன், யாரும் சிரிக்கவில்லை. குழாய் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். புதுத் துணை விமானி அட்டையை விரல் வைத்துப் படித்தார். கதவு மூடிய பிறகு படிக்கட்டு விலகியது. திட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை. ரேடியோவை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

விசிறி இன்னும் சுழலவில்லை. கம்பெனி ரேடியோவில் தங்கையின் குரல் வந்தது.

"அக்கா, சத்தம் முழுசா வச்சிருக்கோம். ஏதாச்சும் சொல்லு."

தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

"காலையில கோப்பி குடிச்ச மங்குகூட கழுவாம வந்திருக்கே" என்றேன். "வீட்ட யாரு பாப்பாங்க?"

"வந்து கழுவுறேன் அக்கா" என்றாள். "இன்னும் சொல்லு."

விசிறிகள் சுழன்று விமானம் நகரத் தொடங்கியது. மூக்கின் கீழே எதுவும் துடிக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே, கழுவாத மங்கு, மடிக்காத போர்வை என்று சொல்லி, அது கடல் பக்கம் எழும்பும்வரை அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.